அலுவலகத்திலிருந்து வரும் இரண்டாவது நன்கொடை: கொழும்பிலுள்ள தொண்டு நிறுவனங்களுக்கு ஒரு வழிகாட்டி

வெள்ளவத்தையில் நாங்கள் நடத்தும் மாலைநேர வகுப்புக்கு, தம் தாயாரின் நினைவு நாளில் ஆண்டுதோறும் 25,000 ரூபா தருகிற பெண்மணி ஒருவர் இருக்கிறார். கோட்டையில் உள்ள ஒரு பன்னாட்டு நிறுவனத்தின் கிளையில் கணக்காளராகப் பணிபுரிகிறார். அவர் ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து கொடுத்த பிறகே, ஊழியர் ஒருவர் கொடுக்கும் நன்கொடைக்குச் சமமான தொகையை அவருடைய நிறுவனமும் அதே தொண்டுக்குக் கொடுக்கும் என்ற செய்தி எங்களுக்குத் தெரிய வந்தது. அவரும் கேட்கவில்லை, நாங்களும் கேட்கவில்லை. அந்த ஐந்து ஆண்டுகளில் எங்கள் பிள்ளைகளுக்கு வந்திருக்கக்கூடிய 125,000 ரூபா அப்போது வரவில்லை. சங்கத்தின் பொருளாளர் என்ற முறையில் அந்தக் கணக்கை எழுதிப் பார்த்த நாளிலிருந்து இந்த விடயத்தைப் படித்தும் விசாரித்தும் வருகிறேன். புதிதாகத் தொடங்குகிற சிறு சங்கங்களுக்குப் பயன்படட்டும் என்று அறிந்தவற்றை இங்கே எழுதுகிறேன்.

இந்த ஏற்பாட்டுக்கு நம்மிடையே நிலைபெற்ற ஒரு தமிழ்ச் சொல் இல்லை. அலுவலகங்களில் ‘மெச்சிங்’ என்றே சொல்கிறார்கள். இக்கட்டுரையில் இதை இணைநன்கொடை என்றும், நிறுவனம் தன் பங்காகத் தரும் பணத்தை இணைத்தொகை என்றும் குறிப்பிடுகிறேன்.

அடிப்படை என்ன

ஊழியர் ஒருவர் தம் சொந்தப் பணத்தை ஓர் அங்கீகரிக்கப்பட்ட தொண்டு நிறுவனத்துக்குக் கொடுத்து, அதை உரிய படிவத்தில் தம் நிறுவனத்துக்கு அறிவித்தால், நிறுவனமும் தன் பங்காக ஒரு தொகையைக் கொடுக்கும். பெரும்பாலும் ரூபாவுக்கு ரூபா என்ற சம அளவுதான். சில நிறுவனங்கள் பாதியைக் கொடுக்கும், சில இரு மடங்கு கொடுக்கும். இவ்வளவுக்குக் குறைந்த நன்கொடைக்கு இணைத்தொகை இல்லை என்ற கீழ் எல்லையும், ஓர் ஊழியருக்கு ஆண்டுக்கு இவ்வளவுதான் என்ற மேல் எல்லையும் அநேகமாக எல்லாத் திட்டங்களிலும் இருக்கும். அமெரிக்காவில் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் அறக்கட்டளை 1954 இல் இதைத் தொடங்கியபோது, ஊழியர்கள் தாம் படித்த கல்லூரிகளுக்குக் கொடுக்கும் பணத்துக்கே இணைத்தொகை வழங்கப்பட்டது. பழைய மாணவர் சங்கங்கள் ஊன்றி நிற்கும் நம் ஊருக்கு இந்தத் தொடக்கம் அந்நியமானதல்ல. இன்று மைக்ரோசொப்ட் போன்ற நிறுவனங்கள் அமெரிக்காவிலுள்ள தம் ஊழியர் ஒருவருக்கு ஆண்டுக்கு 15,000 டொலர் வரை இணைத்தொகை வழங்குகின்றன.

புதியவர்கள் முதலில் மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. இந்தப் பணத்தை நிறுவனத்திடம் நாம் நேரடியாகக் கேட்டுப் பெற முடியாது. ஊழியர்தான் விண்ணப்பிக்க வேண்டும். அவர் அந்தப் படிவத்தை நிரப்பாவிட்டால், நிறுவனம் எவ்வளவு தாராளமானதாக இருந்தாலும் ஒரு சதமும் வராது. ஆகவே நம் வேலை எல்லாம் அந்த ஒரு மனிதருக்காகத்தான்: அவருக்குத் திட்டம் இருப்பதை நினைவூட்டுவது, அவர் படிவத்தில் இட வேண்டிய ஒவ்வொரு விவரத்தையும் கையில் கொடுப்பது, அவருடைய நிறுவனம் நம்மைச் சரிபார்க்கும்போது தடையில்லாமல் பதில் சொல்வது. கொழும்பிலுள்ள பெரும்பாலான சங்கங்கள் மாறாகச் செய்கின்றன. கம்பனித் தலைவருக்குப் பெரிய கடிதம் எழுதிவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கின்றன. ஆண்டுதோறும் தம் வாசலுக்கு வந்து பணம் கொடுத்துவிட்டுப் போகும் ஊழியரிடம் ஒரு வார்த்தை கேட்பதில்லை.

பத்திரங்களை முதலில் ஒழுங்குபடுத்துங்கள்

நன்கொடையாளரிடம் பேசுவதற்கு முன்பே உங்கள் கோப்பு தயாராக இருக்க வேண்டும். அதில் முதலாவது பதிவுச் சான்றிதழ். நம் நாட்டில் தொண்டு அமைப்புகள் பல வழிகளில் பதிவாகியிருக்கும். சில, 1980 ஆம் ஆண்டின் 31 ஆம் இலக்க தன்னார்வ சமூக சேவை அமைப்புகள் பதிவு மற்றும் மேற்பார்வைச் சட்டத்தின் கீழ் பதிவு செய்தவை. சில, 2007 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தின் கீழ் உத்தரவாதத்தால் வரையறுக்கப்பட்ட கம்பனிகளாக அமைந்தவை. இன்னும் சில, நாடாளுமன்றத்தில் தனி உறுப்பினர் சட்டமூலம் ஒன்றின் மூலம் கூட்டிணைக்கப்பட்டவை. எந்த வழியாக இருந்தாலும், எந்தச் சட்டம், எந்த இலக்கம், எந்தத் திகதி என்பதைச் செயலாளரும் பொருளாளரும் மனப்பாடமாக அறிந்திருக்க வேண்டும். எங்கும் பதிவு செய்யாமல் நண்பர்கள் சேர்ந்து ஒரு தனிநபரின் வங்கிக் கணக்கில் பணம் சேர்த்து நடத்தும் நற்பணி எவ்வளவு மேலானதாக இருந்தாலும், இணைநன்கொடைக்கு அது தகுதி பெறாது. அப்படிப்பட்டவர்கள் முதலில் பதிவை முடித்துவிட்டு வாருங்கள்.

அடுத்து, கணக்காய்வு செய்யப்பட்ட கணக்கறிக்கைகள். குறைந்தது கடந்த இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு உரியவை கையில் இருக்கட்டும். யாப்பில் இரண்டு பிரிவுகள் உண்டா என்று பாருங்கள்: வருமானத்தை உறுப்பினர்களிடையே பகிர்வதில்லை என்பது ஒன்று, அமைப்பு கலைக்கப்பட்டால் எஞ்சிய சொத்து அதே நோக்கமுள்ள வேறொரு தொண்டு அமைப்புக்கே சேரும் என்பது மற்றொன்று. வெளிநாட்டு நிறுவனங்களின் சார்பில் சரிபார்ப்பவர்கள் இவ்விரண்டையும் தேடிப் படிக்கிறார்கள். பழைய யாப்புகளில் இரண்டாவது பிரிவு விடுபட்டிருப்பது வழக்கம். அடுத்த ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் திருத்தம் கொண்டுவந்து சேர்த்துவிடலாம். யாப்பு தமிழில் மட்டும் இருந்தால், சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர் ஒருவரைக் கொண்டு ஆங்கிலப் பிரதி எடுத்து வையுங்கள். அந்தச் செலவு ஒரு முறைதான்.

இனிப் பெயர். இதில்தான் எங்கள் முதல் விண்ணப்பம் நின்றுபோனது. எங்கள் பதிவுச் சான்றிதழில் ‘சங்கம்’ என்ற சொல்லை ஆங்கில எழுத்தில் எழுதும்போது ‘ஜி’ போட்டிருந்தார்கள். வங்கியில் கணக்குத் திறந்தவர் அந்த இடத்தில் ‘கே’ போட்டிருந்தார். எங்கள் கடிதத் தலைப்பிலோ பெயருக்குப் பின்னால் ‘கொழும்பு’ என்றும் சேர்ந்திருந்தது. நமக்கு இவை மூன்றும் ஒரே பெயர். வெளிநாட்டில் இருந்து ஒரு திரையைப் பார்த்துச் சரிபார்க்கிறவருக்கு இவை மூன்று வெவ்வேறு அமைப்புகள். பதிவுச் சான்றிதழில் உள்ள எழுத்துக்கூட்டலையே அடிப்படையாகக் கொண்டு, வங்கிக் கணக்கு, கடிதத் தலைப்பு, பற்றுச்சீட்டுப் புத்தகம், இறப்பர் முத்திரை ஆகிய எல்லாவற்றையும் அதற்கு ஏற்பத் திருத்துவதற்கு எங்களுக்கு ஏறக்குறைய மூன்று மாதங்கள் ஆயின. நிர்வாகக் குழுவினரின் பெயர்களுக்கும் இது பொருந்தும். அடையாள அட்டையில் தந்தை பெயர் முன்னால் வர, கடவுச்சீட்டில் பின்னால் வர, வங்கியில் முதலெழுத்து மட்டும் இருப்பது நம்மவர்களிடம் சாதாரணம். கையெழுத்திடும் அதிகாரமுள்ள மூவரின் பெயர்களையாவது எல்லா இடத்திலும் ஒரே மாதிரி எழுதுங்கள்.

பற்றுச்சீட்டு

கோட்டைக் கணக்காளரின் கதைக்குத் திரும்புகிறேன். திட்டம் இருப்பது தெரிந்ததும் ஒரு மதிய உணவு இடைவேளையில் அவரைச் சந்தித்தேன். அவர் தம் கைபேசியில் நிறுவனத்தின் படிவத்தைத் திறந்து காட்டினார். அமைப்பின் சட்டபூர்வப் பெயர், பதிவு இலக்கம், நன்கொடை கொடுத்த திகதி, தொகை, நோக்கம், பற்றுச்சீட்டின் படம், அமைப்பின் தொடர்பு மின்னஞ்சல்: அவ்வளவுதான் கேட்டிருந்தது. நிரப்ப ஐந்து நிமிடம் போதும். ஆனால் கைப்பையிலிருந்து நாங்கள் கொடுத்த பற்றுச்சீட்டை எடுத்தபோது இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். ‘பெற்றுக்கொண்டது’ என்ற இடத்தில் அவருடைய பெயர் இல்லை. அமரரான தாயாரின் பெயர் இருந்தது. நினைவு நாள் கொடை என்பதால் அன்போடு அப்படி எழுதியிருந்தோம். நிறுவனத்தின் கண்ணில் அந்தப் பணம் அவர்களுடைய ஊழியர் கொடுத்ததே அல்ல.

நம் சமூகத்தில் கொடை பெரும்பாலும் ஒருவரின் நினைவோடு சேர்ந்தே வருகிறது. முப்பத்தோராம் நாள், ஆண்டுத் திவசம், பிள்ளையின் பிறந்தநாள், திருமண நாள் ஆகியவற்றில் சிறுவர் இல்லப் பிள்ளைகளுக்கு ஒரு நேர உணவு என்று கொடுப்பார்கள். இந்தப் பழக்கத்தை மாற்ற வேண்டியதில்லை. பற்றுச்சீட்டில் இரண்டு வரிகள் வைத்தால் போதும். ‘நன்கொடையாளர்’ என்ற வரியில் பணம் கொடுத்த ஊழியரின் முழுப்பெயர். ‘யார் நினைவாக’ என்ற வரியில் அமரரின் பெயர். எங்கள் புதிய புத்தகத்தை அப்படித்தான் அச்சிட்டிருக்கிறோம். இவற்றோடு வரிசை இலக்கம், திகதி, எண்ணிலும் எழுத்திலும் தொகை, பணம் வந்த வழி, அமைப்பின் பதிவு இலக்கம், ‘இந்த நன்கொடைக்குப் பதிலாக எந்தப் பொருளோ சேவையோ வழங்கப்படவில்லை’ என்ற ஒரு வாக்கியம் ஆகியவை இருக்க வேண்டும்.

அந்தக் கடைசி வாக்கியத்துக்குக் காரணம் உண்டு. இசை நிகழ்ச்சி நுழைவுச்சீட்டு, இராப்போசன மேசை, அதிர்ஷ்டச் சீட்டு ஆகியவற்றுக்குக் கொடுத்த பணத்தைப் பல நிறுவனங்கள் நன்கொடையாகக் கருதுவதில்லை, கொடுத்தவர் அதற்கு ஈடாக ஒன்றைப் பெற்றுக்கொள்கிறார் என்பதால். கோயில் திருவிழா உபயம், கும்பாபிஷேக நிதி, தேவாலயத் திருத்த வேலை போன்ற வழிபாட்டுச் செலவுகளும் பொதுவாகத் திட்டத்துக்கு வெளியே நிற்கும். ஆனால் ஒரு கோயில் அறக்கட்டளையோ ஒரு பங்குச் சபையோ மதவேறுபாடு பாராமல் எல்லாருக்கும் நடத்தும் மருத்துவ முகாமுக்கும் இலவச வகுப்புக்கும் பல இடங்களில் இணைத்தொகை கிடைக்கிறது. அதற்குத் தனிக் கணக்கும் தனிப் பற்றுச்சீட்டும் இருப்பது அவசியம்.

அலுவலகத்தில் உறை ஒன்றைச் சுற்றவிட்டு இருபது பேரிடம் சேர்த்த பணத்தை ஒருவர் கொண்டுவந்து கொடுத்தால், இருபது பேருக்கும் தனித்தனிப் பற்றுச்சீட்டு எழுதுங்கள். சோம்பலால் ஒரே சீட்டாக எழுதினால் ஒருவருக்கும் பயனில்லை. இதே இடத்தில் இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். “என் மைத்துனரும் சிநேகிதர்களும் கொடுத்த பணத்தை என் பெயரில் போட்டுவிடுங்கள், கம்பனி இரட்டிப்பாக்கித் தரும்” என்று நல்லெண்ணத்தோடு கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். மறுத்துவிடுங்கள். ஊழியரின் சொந்தப் பணத்துக்கே இணைத்தொகை உண்டு. பொய்யான பற்றுச்சீட்டு ஒன்று வெளிப்பட்டால் அந்த ஊழியரின் வேலைக்கு ஆபத்து. உங்கள் அமைப்பின் பெயரும் நிறுவனம் ஏற்றுக்கொள்ளும் அமைப்புகளின் பட்டியலிலிருந்து நீக்கப்படலாம்.

யார் எங்கே வேலை செய்கிறார்கள்

உங்கள் நன்கொடையாளர் பட்டியலை எடுத்து, ஒவ்வொருவரும் எங்கே பணிபுரிகிறார் என்ற ஒரு நிரலைச் சேர்த்துப் பாருங்கள். பாதிப் பேருடையது தெரியாமல் இருக்கும். நன்கொடைப் படிவத்தில் ‘நீங்களோ உங்கள் துணைவரோ பணிபுரியும் நிறுவனம் (விரும்பினால்)’ என்று ஒரு வரியைச் சேர்த்தாலே சில மாதங்களில் படம் தெளிவாகும். துணைவர் என்று கேட்பதற்குக் காரணம், சில திட்டங்கள் ஊழியரின் கணவர் அல்லது மனைவி கொடுப்பதையும், ஓய்வுபெற்றவர்கள் கொடுப்பதையும் ஏற்றுக்கொள்கின்றன. எதற்காகக் கேட்கிறோம் என்பதை அந்த வரியின் கீழேயே எழுதுங்கள். 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு, பெறும் விவரத்தைச் சொன்ன நோக்கத்துக்கு மட்டும் பயன்படுத்துவதும் பத்திரமாக வைத்திருப்பதும் நம் பொறுப்பு. சட்டம் இல்லாவிட்டாலும் அதுதான் மரியாதை.

கோட்டை உலக வர்த்தக மையத்திலும், யூனியன் பிளேசிலும், தெமட்டகொடை, மருதானை, இராஜகிரிய பக்கத்துத் தகவல் தொழில்நுட்ப வளாகங்களிலும் வேலை செய்யும் இளைஞர்கள் பலருக்குத் தம் நிறுவனத்தில் இப்படி ஒரு திட்டம் இருப்பதே தெரியாது. வேலையில் சேர்ந்த நாளில் கையெழுத்திட்ட கட்டுக்கட்டான காகிதங்களில் அதுவும் ஒன்றாக இருந்திருக்கும். தலைமை அலுவலகத்தின் திட்டம் கொழும்புக் கிளைக்கும் பொருந்துமா என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறுபடும். மனிதவளப் பிரிவிடம் கேட்க வேண்டிய கேள்விகளை நாங்கள் ஒரு சிறு துண்டில் அச்சிட்டுக் கொடுக்கிறோம்: இலங்கை ஊழியர்களுக்குத் திட்டம் உண்டா, இலங்கையில் பதிவான அமைப்புகளுக்குக் கொடுக்கலாமா, கீழ் எல்லையும் மேல் எல்லையும் என்ன, நன்கொடை கொடுத்து எத்தனை நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும்.

கேட்கும் முறை

பணம் வந்த அன்றோ மறுநாளோ கேளுங்கள். ஒரு மாதம் கழித்துக் கேட்டால் பற்றுச்சீட்டு எங்கே என்று அவரும் தேட வேண்டும், நீங்களும் தேட வேண்டும். நாங்கள் வட்ஸ்அப்பிலும் மின்னஞ்சலிலும் அனுப்பும் வாசகம் இது. விரும்பினால் எடுத்துக்கொள்ளலாம்.

“மதிப்புக்குரிய அம்மையீர், நேற்று நீங்கள் வழங்கிய 25,000 ரூபாவுக்கு எங்கள் பிள்ளைகள் சார்பில் நன்றி. பற்றுச்சீட்டை இணைத்துள்ளோம். உங்கள் நிறுவனத்தில் ஊழியர் நன்கொடைக்கு இணைத்தொகை வழங்கும் திட்டம் இருந்தால், அதே அளவு உதவி மீண்டும் ஒரு முறை பிள்ளைகளுக்குக் கிடைக்கும். படிவத்தில் நிரப்ப வேண்டிய எங்கள் பதிவுப் பெயர், பதிவு இலக்கம், முகவரி, மின்னஞ்சல் ஆகியவற்றைக் கீழே தந்துள்ளோம். உதவி தேவைப்பட்டால் அழைக்கவும்.”

இந்த வாசகத்தில் இன்னொரு தொகையைக் கொடுக்கும்படி எதுவும் இல்லை என்பதைக் கவனியுங்கள். நன்கொடையாளர் தம் கையிலிருந்து மேலும் ஒரு ரூபாவும் கொடுக்க வேண்டியதில்லை. நம்மில் பலர் “கொடுத்தவரிடமே மீண்டும் கேட்பதா” என்று கூச்சப்பட்டு நின்றுவிடுகிறோம். என் அனுபவத்தில், இதைக் கேட்டு முகம் சுளித்தவர் ஒருவரும் இல்லை. தம் கொடை பெருகுவதில் மகிழ்ச்சி அடைந்தவர்களையே பார்த்திருக்கிறேன். ஒரு வாரத்தில் பதில் இல்லையென்றால் ஒரு முறை நினைவூட்டலாம், அதற்கு மேல் வேண்டாம்.

சரிபார்ப்பும் மின்னஞ்சலும்

ஊழியர் விண்ணப்பித்ததும், நிறுவனமோ அதன் சார்பில் செயற்படும் இணையத்தளமோ உங்களைத் தொடர்புகொள்ளும். இந்தத் துறையில் பெரிதாக இயங்கும் தளங்களில் ஒன்று கனடாவின் கல்கரி நகரைத் தலைமையிடமாகக் கொண்ட பெனிவிட்டி. அப்படிப்பட்ட தளங்களில் உங்கள் அமைப்பு ஏற்கெனவே இருக்கிறதா என்று தேடிப் பார்த்து, இல்லையென்றால் பதிவு செய்யுங்கள். அமைப்பின் நோக்கம், நிர்வாகக் குழுவினர், வங்கி விவரம், கணக்கறிக்கை ஆகியவற்றைக் கேட்பார்கள். சர்வதேசத் தடைப்பட்டியல்களில் உங்கள் பெயர்கள் உள்ளனவா என்றும் ஒப்பிடுவார்கள். போர்க்காலத்தை நினைத்து நம்மவர்கள் சிலர் இதைக் கண்டு தயங்குகிறார்கள். எல்லா நாட்டு அமைப்புகளுக்கும் செய்யப்படும் வழக்கமான பரிசோதனை இது. கேட்டதற்கு ஒளிவுமறைவின்றிப் பதில் கொடுத்தால் முடிந்துவிடும்.

தொடர்பு மின்னஞ்சல் ஒருவருடைய சொந்த மின்னஞ்சலாக இருக்கவே கூடாது. எங்கள் சங்கத்தில் ஒரு முறை உறுதிப்படுத்தல் கடிதம் முன்னாள் செயலாளரின் தனிப்பட்ட முகவரிக்குப் போய்விட்டது. அவர் மகளோடு அவுஸ்திரேலியாவில் இருந்தார். அவர் பார்த்து எங்களுக்கு அனுப்பியபோது பதிலளிக்க வேண்டிய காலம் கடந்து பன்னிரண்டு நாள் ஆகியிருந்தது. அந்தத் தொகையை இழந்தோம். அதன் பிறகு அமைப்பின் பெயரில் ஒரு மின்னஞ்சல் திறந்து, மூவர் பார்க்கும்படி வைத்திருக்கிறோம். பொதுக்கூட்டத்தில் நிர்வாகிகள் மாறும்போது கடவுச்சொல்லைக் கையளிப்பதும் பொறுப்பொப்படைப்பின் ஒரு பகுதியாக இருக்கிறது.

பணம் வந்து சேரும்போது

இணைத்தொகை உடனே வராது. மாதத்துக்கு ஒரு முறை, காலாண்டுக்கு ஒரு முறை, சில இடங்களில் ஆண்டுக்கு ஒரு முறை அனுப்புவார்கள். சில தளங்கள் குறிப்பிட்ட தொகை சேரும் வரை வைத்திருக்கும். வங்கிக் கூற்றில் ஊழியரின் பெயரோ நிறுவனத்தின் பெயரோ இருக்காது, தளத்தின் பெயர் மட்டுமே இருக்கும். இடையிலுள்ள வங்கிகளின் கட்டணம் கழிந்து, எதிர்பார்த்த தொகைக்குச் சிறிது குறைவாகவும் வரும். ஆகவே ஒரு எக்செல் தாளில் நன்கொடையாளர் பெயர், நிறுவனம், நன்கொடைத் திகதி, தொகை, விண்ணப்பித்த திகதி, எதிர்பார்க்கும் இணைத்தொகை, வந்த திகதி, வந்த தொகை ஆகிய நிரல்களை வைத்துக்கொள்ளுங்கள். கொப்பியில் எழுதினாலும் சரிதான். தளத்துக்குள் நுழைந்து பார்த்தால் எந்தத் தொகை எந்த ஊழியரின் நன்கொடைக்கு உரியது என்ற விவர அறிக்கை கிடைக்கும். அதைத் தரவிறக்கிக் கணக்காய்வாளருக்காகக் கோப்பில் வையுங்கள். வெளிநாட்டுப் பணம் முதல் முறை வரும்போது அது எதற்கான பணம் என்று உங்கள் வங்கி கேட்கக்கூடும். முகாமையாளரை முன்கூட்டியே சந்தித்து விளக்கிவிடுவது நல்லது.

தொகை வந்ததும் ஊழியருக்கு மீண்டும் ஒரு நன்றி சொல்லுங்கள். “உங்கள் 25,000 ரூபாவோடு நிறுவனத்தின் 25,000 ரூபாவும் வந்து சேர்ந்தது, அதில் இன்ன பிள்ளைகளுக்குப் பயிற்சிப் புத்தகங்கள் வாங்கினோம்” என்று எழுதினால், அதை அவர் தம் மேசை நண்பர்களுக்குக் காட்டுவார். எங்கள் புதிய நன்கொடையாளர்களில் நால்வர் அப்படி வந்தவர்கள்.

வெளிநாட்டிலுள்ள உறவுகள்

கொழும்புத் தமிழ்ச் சங்கங்களுக்கு உண்மையான வாய்ப்பு இங்கேதான் பெரிதாக இருக்கிறது என்பது என் கருத்து. லண்டனிலும் ரொறன்ரோவிலும் சிட்னியிலும் வேலை செய்யும் பழைய மாணவர்களும் உறவினர்களும் ஆண்டுதோறும் பணம் அனுப்புகிறார்கள். ஆனால் எப்படி அனுப்புகிறார்கள்? அண்ணன் தம்பியின் கணக்குக்கு அனுப்ப, தம்பி பணத்தை எடுத்துக்கொண்டு வந்து சங்கத்தில் கட்டுகிறார். அந்தப் பணம் நற்பணிக்குப் போய்ச் சேர்கிறது என்பதில் ஐயமில்லை. ஆனால் அண்ணனின் நிறுவனத்தைப் பொறுத்தவரை அது குடும்பத்துக்கு அனுப்பிய பணம் மட்டுமே. இணைத்தொகைக்கு இடமில்லை, அவருக்கு வரிச் சலுகைக்கும் இடமில்லை.

அந்நாட்டு நிறுவனங்கள் பெரும்பாலும் அந்நாட்டில் பதிவான தொண்டுக்குக் கொடுத்த பணத்துக்கே இணைத்தொகை தரும். பிரித்தானியாவில் 1987 முதல் இருக்கும் சம்பளவழி நன்கொடைத் திட்டத்தில், வரி கழிப்பதற்கு முன்பே சம்பளத்திலிருந்து பணம் தொண்டுக்குப் போகிறது. பல முதலாளிகள் அதற்கு மேல் இணைத்தொகையும் சேர்க்கிறார்கள். ஊழியர் கையிலிருந்து நேரடியாகக் கொடுத்தாலும், ‘கிஃப்ட் எயிட்’ முறையில் ஒவ்வொரு பவுணுக்கும் அரசிடமிருந்து 25 பென்ஸை அந்தத் தொண்டு அமைப்பு மீளப் பெறலாம். இவை எல்லாம் அங்கே பதிவான தொண்டுக்குத்தான். ஆகவே உங்கள் பாடசாலையின் அல்லது ஊரின் சங்கம் ஒன்று அங்கே தொண்டு அமைப்பாகப் பதிவாகியிருக்கிறதா என்று முதலில் விசாரியுங்கள். இருந்தால், அதன் வழியாகப் பணம் வரும்படி எழுத்தில் ஓர் உடன்பாடு செய்துகொள்ளலாம். என்ன வேலைக்கு, எவ்வளவு, எப்போது அறிக்கை என்பவை அதில் தெளிவாக இருக்க வேண்டும்.

அப்படி ஒரு சங்கம் இல்லாதவர்களுக்கு, 2002 இல் வாஷிங்டனில் தொடங்கப்பட்ட குளோபல்கிவிங் போன்ற தளங்கள் ஒரு வழி. அது அமெரிக்காவில் பதிவான தொண்டு என்பதால், அதன் வழியாக உங்கள் திட்டத்துக்குக் கொடுக்கும் அமெரிக்க ஊழியர் தம் நிறுவனத்தில் இணைத்தொகைக்கு விண்ணப்பிக்க முடியும். புதிய அமைப்புகளைச் சேர்த்துக்கொள்ள, குறைந்தது 40 பேரிடமிருந்து 5,000 டொலர் திரட்டிக் காட்டும் ஒரு தொடக்கப் போட்டியை அது நடத்தி வந்திருக்கிறது. சிறு சங்கத்துக்கு அது பெரிய தொகை. ஆனால் ஒரே வகுப்பில் படித்து உலகமெங்கும் பரந்திருக்கும் ஒரு நண்பர் குழு மனம் வைத்தால் எட்டக்கூடியதுதான். தளம் தன் செலவுக்கு ஒரு பங்கைக் கழித்துக்கொள்ளும் என்பதையும் கணக்கில் எடுங்கள்.

திட்டமே இல்லாத உள்ளூர்க் கம்பனிகள்

கொட்டாஞ்சேனையிலும் புறக்கோட்டையிலும் தமிழர்கள் நடத்தும் வணிக நிலையங்கள் பல, கேட்டால் தாராளமாகக் கொடுக்கின்றன. ஆனால் எழுத்தில் திட்டம் என்று எதுவும் இருப்பதில்லை. முதலாளியிடம் போய்ப் பெரிய தொகை கேட்பதைவிட, இப்படி முன்வைத்துப் பாருங்கள்: “உங்கள் ஊழியர்கள் மூன்று மாதத்துக்கு விரும்பிய தொகையைச் சம்பளக் கழிவாகக் கொடுக்கட்டும். அவர்கள் கொடுப்பதற்குச் சமமாக நீங்கள், மொத்தம் ஒரு இலட்சம் ரூபா வரை கொடுங்கள்.” மேல் எல்லை தெரிவதால் அவருக்குப் பயமில்லை. காலவரையறை இருப்பதால் பிடிக்காவிட்டால் நிறுத்திவிடலாம். ஊழியர் விரும்பினால் மட்டுமே சேர வேண்டும், சேராதவரின் பெயர் எங்கும் வெளிவரக் கூடாது என்பதைக் கடிதத்திலேயே எழுதுங்கள்.

வரி பற்றிக் கேட்பார்கள். 2017 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்க உள்நாட்டு இறைவரிச் சட்டத்தின்படி, நோயாளருக்கும் வறியோருக்கும் நிறுவனரீதியான பராமரிப்பு வழங்கி, அங்கீகரிக்கப்பட்ட அறக்கொடை நிறுவனமாக அறிவிக்கப்பட்டவற்றுக்குக் கொடுக்கும் பணத்துக்கே கழிவு உண்டு. தனிநபருக்கு அது வரிக்குரிய வருமானத்தின் மூன்றில் ஒரு பங்கு அல்லது 75,000 ரூபா, இரண்டில் குறைந்தது. கம்பனிக்கு ஐந்தில் ஒரு பங்கு அல்லது 500,000 ரூபா, இரண்டில் குறைந்தது. எங்களைப் போன்ற கல்வி உதவிச் சங்கங்களுக்கு அந்த அங்கீகாரம் இல்லை. இல்லாததை உண்டு என்று சொல்லிப் பணம் வாங்காதீர்கள். அரச சார்பற்ற நிறுவனமாகக் கருதப்படும் அமைப்புகளுக்கு வரும் நன்கொடையில் 3 சதவீதம் வருமானமாகக் கணிக்கப்பட்டு அதற்கு வரி விதிக்கப்படும் என்ற ஏற்பாடும் அதே சட்டத்தில் உண்டு. உங்கள் அமைப்பு எந்த வகையில் அடங்கும் என்பதைக் கணக்காளரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

பணம் கொடுக்க இயலாத ஊழியரும் உதவலாம். சில பன்னாட்டு நிறுவனங்கள் தம் ஊழியர் தொண்டுக்குச் செலவிட்ட மணித்தியாலங்களைக் கணக்கிட்டு அமைப்புக்குப் பணம் தருகின்றன. சனிக்கிழமை வந்து கணிதம் சொல்லிக்கொடுக்கும் இளைஞர் அப்படிப்பட்ட ஒரு நிறுவனத்தில் இருக்கலாம். வந்த நேரம், போன நேரம், கையெழுத்து என்று ஒரு வரவுப் பதிவேடு வையுங்கள்.

நாட்காட்டி

பல திட்டங்களின் ஆண்டு டிசெம்பர் 31 இல் முடிகிறது. கொழும்பு அலுவலகங்கள் டிசெம்பர் நடுப்பகுதியிலேயே விடுமுறை மனநிலைக்குப் போய்விடும். ஆகவே நவம்பர் முதல் வாரத்தில் எக்செல் தாளைத் திறந்து, அந்த ஆண்டு நன்கொடை கொடுத்தும் விண்ணப்பிக்காதவர்களுக்கு எழுதுங்கள். 2012 முதல் நவம்பர் இறுதியிலோ டிசெம்பர் தொடக்கத்திலோ வரும் ‘கிவிங் டியூஸ்டே’ என்ற உலகளாவிய கொடை நாளில் சில நிறுவனங்கள் இணைத்தொகையை வழக்கத்தைவிடக் கூட்டித் தருவதுண்டு. அதையும் அந்தக் கடிதத்தில் சொல்லலாம்.

பேரிடர் நேரத்துக்கு மட்டும் நாட்காட்டி இல்லை. 2004 ஆழிப்பேரலையின்போது உலகெங்கும் பல நிறுவனங்கள் ஊழியர் கொடுத்ததற்கு இணையாகக் கொடுத்தன. 2016 மே மாதம் களனி கங்கை பெருகிக் கொலன்னாவைப் பக்கம் வீடுகள் மூழ்கியபோது கொழும்பில் எத்தனையோ சங்கங்கள் உணவும் உடையும் கொண்டு ஓடின. அப்படிப்பட்ட வாரத்தில் ஒரு தளத்தில் புதிதாகப் பதிந்து சரிபார்ப்பை முடிக்க முடியாது. இந்த வேலையை மழை இல்லாத மாதத்தில் முடித்துவையுங்கள்.

ஜனவரியில் ஒரு தடவை தாளைப் பாருங்கள். சில நிறுவனங்கள் முந்தைய ஆண்டின் நன்கொடைக்கு அடுத்த ஆண்டு சில மாதங்கள் வரை விண்ணப்பிக்க விடுகின்றன. கோட்டைக் கணக்காளர் திருத்திய பற்றுச்சீட்டோடு விண்ணப்பித்தது அப்படியொரு பெப்ரவரியில்தான். ஐந்தாவது ஆண்டின் நன்கொடைக்கு மட்டுமே காலம் மிஞ்சியிருந்தது. அந்த 25,000 ரூபா ஜூன் மாதம் வந்து சேர்ந்தது. அதைப் பதிந்த பற்றுச்சீட்டின் அடிக்கட்டை இன்னும் என் கோப்பின் முதல் பக்கத்தில் இருக்கிறது.